காட்டுத்தீக்குப் பிறகு விதைகள் ஏன் விழிக்கின்றன?

காடு எரிந்த இடத்தில் அடுத்த மழைக்கே இத்தனை நாற்றுகள் எங்கிருந்து வருகின்றன? சில விதைகள் தீ பட்டால்தான் முளைக்கும் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் காட்டை அவ்வப்போது கொளுத்துவது நல்லதா? இவைதான் உங்கள் மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்த பிறகுதான் மூன்றாவதைப் பற்றிப் பேச முடியும். பலர் நேராக மூன்றாவதற்குத் தாவி, "தீ இயற்கையானது, காட்டுக்கு நல்லது" என்று முடித்துவிடுகிறார்கள். நம் மலைகளுக்குப் பெரிய கேடு செய்யக்கூடிய அரைகுறைப் புரிதல் அது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விதை உறக்கம். ஈரம், காற்று, வெப்பம் எல்லாம் சரியாக இருந்தும், உயிரோடு இருக்கிற ஒரு விதை முளைக்காமல் இருந்தால் அது உறக்கத்தில் இருக்கிறது என்கிறோம். வெறுமனே காய்ந்து கிடப்பது உறக்கம் ஆகாது. டப்பாவில் இருக்கும் பச்சைப்பயறு தண்ணீரைக் கண்டதும் முளைத்துவிடும், அது காத்திருந்தது தண்ணீருக்கு மட்டும்தான். உறங்கும் விதைக்குத் தண்ணீர் போதாது, வேறொரு தூண்டுதலும் வேண்டும். உறக்கத்தில் பல வகைகள் உண்டு. தீயோடு அதிகம் சம்பந்தப்பட்டவை இரண்டு. ஒன்றில், விதையுறை தண்ணீரை உள்ளே விடவே விடாது. மற்றதில் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் கரு வளராது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் அதைக் கட்டிப்போட்டிருக்கும், வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெல்லின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கும்வரை அந்தக் கட்டு அவிழாது. முதல் வகையை எழுப்புவது பெரும்பாலும் தீயின் சூடு. இரண்டாம் வகையில் பலவற்றை எழுப்புவது புகை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

ஒரு விதை ஏன் இப்படிக் காத்திருக்க வேண்டும்? தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஃபைன்போஸ் என்ற புதர்க்காடு இருக்கிறது. கேப் டவுனுக்கு மேலே நிற்கும் டேபிள் மலையை மூடியிருப்பது அதுதான். கோடையில் காய்ந்து, சுமார் 10 முதல் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரியும் நிலம். இரண்டு தீக்களுக்கு நடுவே அங்கே ஒரு நாற்று பிழைப்பது மிகக் கடினம். மேலே நிழல், கீழே வளர்ந்த செடிகளின் வேர்கள், சுற்றிலும் விதை தின்னும் எலிகள். தீ வந்து போனால் நிலைமை தலைகீழாகிறது. வெளிச்சம் தரைவரை விழுகிறது, சாம்பலில் சத்து இருக்கிறது, போட்டிக்கு ஆள் இல்லை. அடுத்த தீ வருவதற்குள் வளர்ந்து, பூத்து, விதை போட்டுவிட நாள் இருக்கிறது. ஆக, விதைக்கு வேண்டியது அந்த வெட்டவெளி. சூடும் புகையும் அந்த வெளி கிடைத்துவிட்டது என்று நம்பத் தகுந்த அடையாளங்கள். அந்த அடையாளத்தைக் கண்டபின் முளைத்த விதைகளின் வாரிசுகள்தான் பல லட்சம் ஆண்டுகளில் பெருகி நிலைத்தன.

இப்போது சூட்டைப் பார்ப்போம். கருவேலம், கொன்றை, ஆவாரை அடங்கிய பயறுக் குடும்பத்திலும், துத்தியும் பருத்தியும் அடங்கிய குடும்பத்திலும், இலந்தைக் குடும்பத்திலும் கடினத்தோல் விதைகள் நிறைய. உறையின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கான செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி நிற்கும், அவற்றுக்குள் தண்ணீரை ஒட்டவிடாத பொருள்கள் நிறைந்திருக்கும். ஆனால் உறை எல்லா இடத்திலும் ஒரே பலத்தில் இருப்பதில்லை. பயறு வகை விதையில், காயோடு ஒட்டியிருந்த தழும்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலவீனமான புள்ளி உண்டு. சூடு ஏறும்போது அங்கேயுள்ள செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து மெல்லிய பிளவு உண்டாகிறது. தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. தோல் முழுவதும் வெடித்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி வெடித்தால் கருவும் வெந்துபோயிருக்கும்.

இதற்குப் பொதுவாக 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் சூடு சில நிமிடங்களுக்குக் கிடைத்தால் போதும். 120 டிகிரியில் நீண்ட நேரம் இருந்தால் பல விதைகள் செத்துவிடும், 150 டிகிரிக்கு மேல் அநேகமாக எதுவும் தப்பாது. தீயோ பல நூறு டிகிரியில் எரிகிறது. அப்புறம் எப்படிப் பிழைக்கின்றன? மண்தான் காப்பாற்றுகிறது. காய்ந்த மண் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். மேற்பரப்பில் கிடக்கும் விதைகள் எரிந்துபோகும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் அளவான சூடு கிடைக்கும், அங்கேயுள்ளவை விழிக்கும். 5 சென்டிமீட்டருக்குக் கீழே பெரும்பாலான தீக்களில் சிறிதளவே சூடு ஏறும், அங்கிருப்பவை தொடர்ந்து உறங்கி அடுத்த தீக்குக் காத்திருக்கும். ஒரே செடியின் விதைகள் ஆழத்தைப் பொறுத்து மூன்று விதமான விதியை அடைகின்றன. எரியும் பொருளைப் பொறுத்தும் இது மாறும். புல் எரியும் தீ சட்டென்று கடந்துவிடும், மண்ணுக்குள் சூடு இறங்க நேரமே இருக்காது. பெரிய கட்டை ஒன்று மணிக்கணக்கில் கனன்ற இடத்திலோ, விழிக்க வேண்டிய ஆழத்தில் இருந்த விதைகளும் சேர்ந்து வெந்துவிடும்.

கடினத்தோலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காய்ந்த விதை தாங்கும் சூட்டை ஈரம் குடித்த விதை தாங்காது, 60, 70 டிகிரியிலேயே செத்துவிடக்கூடும். கடினத்தோல் விதை மழை மண்ணில் கிடந்தாலும் உள்ளே காய்ந்தே இருக்கிறது. உறங்க வைக்கிற அதே தோல்தான் தீயிலிருந்து காப்பாற்றவும் செய்கிறது.

சரி, அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு விதையைக் கொண்டுபோவது யார்? ஃபைன்போஸில் அந்த வேலையை எறும்புகள் செய்கின்றன. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி இனங்களின் விதைகளில் எறும்புக்குப் பிடித்த எண்ணெய்ச் சதை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு விதையைப் புற்றுக்குள் இழுத்துப்போய்ச் சதையைத் தின்றுவிட்டு, விதையை அப்படியே விட்டுவிடும். அர்ஜென்டினா எறும்பு என்ற வெளிநாட்டு இனம் அங்கே புகுந்து உள்ளூர் எறும்புகளை விரட்டியபோது என்ன ஆயிற்று என்று பாண்ட், ஸ்லிங்ஸ்பி என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் எழுதினார்கள். புதிதாக வந்த எறும்பு சதையைத் தரையிலேயே தின்றுவிட்டு விதையை மேலேயே போட்டுவிட்டது. எலி தின்றது போக மீதி தீயில் போனது. தீக்குப் பிறகு அந்த இடங்களில் நாற்றுகள் மிகச் சொற்பம். செடி மாறவில்லை, தீ மாறவில்லை, ஓர் எறும்பு மாறியது. தீயைப் பற்றி யார் பொத்தாம்பொதுவாகப் பேசினாலும் எனக்கு நினைவுக்கு வருவது இந்த எறும்புதான்.

புகையின் கதை இதைவிடப் புதிது. சூடு விதையை எழுப்பும் என்று வெகுகாலமாகவே தெரியும். புகை எழுப்பும் என்று 1990 வரை யாரும் உறுதியாகக் காட்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டி லாங்கே, பௌச்சர் இருவரும் ஆடொயினியா காப்பிடாட்டா என்ற அரிய ஃபைன்போஸ் செடியை வைத்துப் பார்த்தார்கள். என்ன செய்தும் அதன் விதை முளைக்கவில்லை. செடிகளை எரித்து வந்த புகையை மட்டும் மண்மேல் படவைத்தபோது நாற்றுகள் வந்தன. தீ வேண்டியிருக்கவில்லை, சூடும் வேண்டியிருக்கவில்லை. புகையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாலும் அதே பலன். கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்கா இதைத் தொடர்ந்து பல செடிகளில் சோதித்தது. பிறகு, புகைநீரில் தோய்த்துக் காயவைத்த காகிதத்தைத் தோட்டக்காரர்களுக்கு விற்கவும் தொடங்கியது. தண்ணீரில் அந்தக் காகிதத்தைப் போட்டு, அதில் விதையை ஒரு நாள் ஊறவைத்தால் போதும்.

மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இதே வகைப் புதர்க்காடு உண்டு. அங்கே கிங்ஸ்லி டிக்சனும் உடன் உழைத்தவர்களும் முளைக்க வைக்கக் கடினமான 94 இனங்களைப் புகையில் சோதித்து 1995-இல் வெளியிட்டார்கள், அவற்றில் 45 இனங்கள் புகைக்குப் பதில் தந்தன. புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கின்றன. எது வேலை செய்கிறது? 2004-இல் பெர்த் நகர ஆய்வாளர்கள் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள், அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கக் குழு ஒன்றும் அதே பொருளைக் கண்டது. இன்று அதைக் கரிக்கின் என்ற பெயரில் அழைக்கிறோம். செடியின் உடலில் உள்ள செல்லுலோஸ் எரியும்போது உண்டாகிறது. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான செறிவிலேயே வேலை செய்கிறது. மண்ணில் படிந்து, முதல் மழையில் கரைந்து, விதை இருக்கும் ஆழத்துக்கு இறங்குகிறது. இதனால் புகைக்கு ஒரு வசதி உண்டு. தீ சூடாக எரியாத இடத்துக்கும் அது போய்ச் சேரும்.

எனக்கு மிகவும் வியப்பான விஷயம், கரிக்கினை உணரும் ஏற்பி, அதாவது அதைப் பிடித்து அறிகிற புரதம், தீயையே காணாத செடிகளிலும் இருக்கிறது என்பது. ஆய்வகங்களில் புகைநீரைச் சோதிக்க வெகுகாலமாகப் பயன்படுத்துவது சாதாரண லெட்யூஸ் கீரை விதையை. செடிகளுக்குள் ஏற்கெனவே வேறு வேலைக்காக இருந்த மிகப் பழைய அமைப்பு ஒன்றைத்தான் தீ நிலத்துச் செடிகள் புகையை அறியப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன என்று எண்ண இது இடம் தருகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் கரிக்கின்தான் சாவி என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கங்காரு பாவ் என்ற பூச்செடி கரிக்கினுக்கு அசையவில்லை, புகைக்கு மட்டும் முளைத்தது. புகையிலுள்ள கிளிசரோநைட்ரைல் என்ற வேறொரு பொருள்தான் அதற்குக் காரணம் என்று 2011-இல் தெரிந்தது. கலிஃபோர்னியாவின் சாப்பரல் புதர்க்காட்டில் எம்மனாந்தே என்ற சிறு செடி தீக்குப் பிறகு கொத்துக் கொத்தாக வரும். அதை எழுப்புவது புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு என்று கீலியும் ஃபாதரிங்ஹாமும் 1997-இல் காட்டினார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. புதிதாக விழுந்த விதை பெரும்பாலும் புகையைச் சட்டை செய்யாது. மண்ணுக்குள் சில பருவங்களைக் கழித்து, உறக்கம் ஓரளவு தளர்ந்த பிறகே அதற்குப் புகை உறைக்கும்.

சூடும் இல்லாமல் புகையும் இல்லாமல் தீயை அறிகிற வழியும் இருக்கிறது. ஃபைன்போஸின் பின்குஷன் செடிகளுக்குப் பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி வர வேண்டும். மேலே புதர் மூடியிருக்கும்வரை மண் ஏறக்குறைய ஒரே சீரான வெப்பத்தில் இருக்கும். புதர் எரிந்து தரை வெளிப்பட்டால்தான் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் மண்ணுக்குள் தெரியும்.

விதையை மண்ணில் போடாமல் மரத்திலேயே பூட்டி வைத்திருக்கும் செடிகளையும் பலர் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் பேங்சியா, தென்னாப்பிரிக்காவின் புரோட்டியா, அமெரிக்காவின் லாட்ஜ்போல் பைன் எல்லாம் இப்படி. பைன் கூம்பைப் பிசின் ஒட்டி வைத்திருக்கும், தீயின் சூட்டில் அது உருகினால் செதில்கள் விரியும். 1988-இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்த பிறகு பல இடங்களில் லாட்ஜ்போல் பைன் நாற்றுகள் அடர்ந்து வந்தது இதனால்தான். ஆனால் இது விதை உறக்கம் ஆகாது. உள்ளேயுள்ள விதை பெரும்பாலும் தயார் நிலையில்தான் இருக்கிறது, பூட்டு காயில் இருக்கிறது. சில பேங்சியாக்களில் காய் தீயில் வாய் பிளந்தாலும் விதை உடனே விழாது. மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்த பிறகே விழும். எரிந்த உடனே கோடை மண்ணில் விழுந்து வீணாகாமல் மழைக்காலம்வரை தள்ளிப்போடுகிற ஏற்பாடு அது.

எவ்வளவு காலம் காத்திருக்க முடியும் என்று கேட்டால் ஓர் உண்மைச் சம்பவம். 1803-இல் யான் டெயர்லிங்க் என்ற டச்சு வணிகர் கேப் பகுதியிலிருந்து விதைப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு கப்பலில் போனார். கப்பலை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். விதைகள் அவருடைய ஆவணங்களோடு லண்டனில் கிடந்து, 200 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தில் கண்ணில் பட்டன. கியூ தாவரவியல் பூங்காவின் விதை வங்கியில் விதைத்துப் பார்த்தபோது 32 இனங்களில் 3 முளைத்தன. அவற்றில் ஒன்று பின்குஷன் வகை, மற்ற இரண்டும் கடினத்தோல் பயறுக் குடும்பம்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. இவ்வளவு நுட்பமாகத் தீயோடு பொருந்திய செடிகளுக்குக்கூடத் தீ எப்போது வந்தாலும் நல்லது என்று கிடையாது. புரோட்டியா முளைத்து முதல் விதை போடுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் இரண்டாவது தீ வந்தால் தாய்ச்செடியும் போகும், சேமிப்பும் இருக்காது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மவுண்டன் ஆஷ் என்ற ராட்சத யூகலிப்டஸ் கடுந்தீயில் செத்து, உச்சியில் சேமித்த விதையால் மீண்டும் வரும். புதிய தலைமுறை போதுமான விதை போட ஏறக்குறைய 20 ஆண்டுகள் வேண்டும். அதே குடும்பத்து ஆல்பைன் ஆஷ் காடுகளில் அண்மைக் காலத்தில் தீ அடுத்தடுத்து வந்ததால், விதை போடும் வயதை எட்டாத இளங்காடுகள் எரிந்து, ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவ வேண்டிய நிலை வந்தது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பருவத்தில், எவ்வளவு சூட்டில் எரிகிறது என்ற மூன்றும் ஒத்து வந்தால்தான் அந்தச் செடிக்குத் தீ உதவும்.

நம் பக்கம் நிலைமை இன்னும் வேறு. முதுமலை, சத்தியமங்கலம் போன்ற இலையுதிர் காடுகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை தீ வருகிறது, அதில் பெரும்பாலானவை மனிதர் வைப்பவை. இங்குள்ள மரங்கள் தீயைத் தாங்குவது முக்கியமாகத் தடித்த பட்டையாலும், அடிமரத்திலிருந்தும் வேரிலிருந்தும் துளிர்ப்பதாலும்தான். தீ போன பிறகு நீங்கள் பார்க்கிற பச்சையில் பெரும்பகுதி விதையில் முளைத்தது அல்ல, பழைய வேரின் துளிர். புல்லுக்கு வேறொரு வழி. வேட்டியில் குத்திக்கொள்ளும் ஊசிப்புல்லைத் தெரியும் இல்லையா? அதன் நீண்ட முடி ஈரத்தில் முறுக்கவிழ்ந்து, காய்ந்தால் மறுபடி முறுக்கி, விதையைத் தானே மண்ணுக்குள் திருகி இறக்கிவிடும்.

மேலே, உயரமான மலைகளின் பசுமை மாறாத சோலைக்காட்டுக்குப் போனால் கதையே வேறு. சோலை மரங்கள் பலவற்றின் விதை ஈரத்தோடு விழுந்து சீக்கிரம் முளைப்பது. அதற்கு நீண்ட உறக்கமும் கிடையாது, மண்ணில் பல ஆண்டுச் சேமிப்பும் கிடையாது. அங்கே தீ புகுந்தால் எழுப்புவதற்கு விதை இல்லை. "தீ நல்லது" என்று ஃபைன்போஸிலிருந்து கடன் வாங்கிய பாடத்தைச் சோலை ஓரத்தில் செயல்படுத்துவது நேரடி அழிவு.

அதைவிட மோசமானது சீகை மரம் விஷயம். நீலகிரியில் சீகை என்றும், கொடைக்கானல் பக்கம் வாட்டில் என்றும் சொல்கிற மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. தீ நிலத்துக் கடினத்தோல் விதை என்று மேலே சொன்ன எல்லாமும் அதற்கு அப்படியே பொருந்தும். மரத்தடி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டிக் கிளைகளைக் குவித்து அங்கேயே கொளுத்தினால், அடுத்த மழைக்குச் சீகை நாற்றுகள் பாய் விரித்ததுபோல வரும். குவியலுக்கு நேர் கீழே இருந்த உள்ளூர்ப் புல்லின் விதையும் வேரும் வெந்துபோயிருக்கும். தென்னாப்பிரிக்காவும் இதே மரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. அங்கே விதையையே தின்னும் மெலான்டீரியஸ் என்ற வண்டை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், மண்ணில் சேரும் விதையைக் குறைத்தால்தான் வெட்டுவதற்குப் பலன் இருக்கும் என்பதால். உதகைச் சரிவுகளில் மஞ்சளாகப் பூக்கிற ஸ்காட்ச் புரூம், முள் நிறைந்த கோர்ஸ் இரண்டும் இதே ரகம். இவை இருக்கும் இடத்தில் தீ வைப்பது களைக்கு விதை நேர்த்தி செய்து கொடுப்பதுதான்.

இதனால் நம் காடுகளில் எந்தத் தீயும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையின் சோளகர் பழங்குடியினர் ஆண்டின் தொடக்கத்திலேயே, சருகு அதிகம் சேரும் முன்பு, சிறிய தரைத்தீ வைத்து வந்தார்கள். அதைத் தரகு பெங்கி என்பார்கள். அந்தக் காடு 1974-இல் சரணாலயமாகி, தீ வைப்பது நின்றுபோன பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்பது அவர்கள் சொல்வது. தலைமுறைகளாக அதே காட்டைப் பார்த்தவர்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன். குளிர்ந்த பருவத்தில் அறிந்து வைக்கும் சின்னத் தீயும், ஏப்ரல் காற்றில் கட்டுமீறிப் போகும் தீயும் மண்ணுக்குள் இருக்கும் விதைக்கு ஒன்றல்ல.

கடைசியாக, வீட்டில் விதைப்பவர்களுக்கு. கொன்றை, சவுண்டல், ஆவாரை விதைகளை எழுப்பத் தீ வேண்டாம். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி அப்படியே ஆறவிடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது, கரு செத்துவிடும். மறுநாள் காலை சில விதைகள் ஊதிப் பெருத்திருக்கும், அவற்றை உடனே விதைத்துவிடுங்கள். பெருக்காதவற்றை இன்னொரு முறை அதேபோல் செய்யலாம். கொன்றை அப்போதும் பிடிவாதம் பிடித்தால், விதையின் ஓர் ஓரத்தை உப்புத்தாளில் உள்ளே வெளிர்நிறம் தெரியும்வரை தேய்த்து ஊறவையுங்கள். வேம்பு, நாவல் விதைகளுக்கு இதில் எதையும் செய்யாதீர்கள். அவை உறங்குபவை அல்ல, பழத்திலிருந்து எடுத்துக் கழுவிய சில நாளிலேயே விதைத்துவிட வேண்டும்.